முன்கூட்டித் திறந்த சன்னல்

சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் அன்கே பக்கத்து வீட்டு ஏணியடிக்கு ஓடினாள். கூரை மேல் ஓடு மாற்றிக்கொண்டிருந்த டாம்ஸ், சுத்தியலை ஓங்கியபடியே கீழே பார்த்தார்.

“நிறுத்துங்க டாம்ஸ்! நீங்க ஒவ்வொரு தடவ அடிக்கிறப்பவும் அப்பாவுக்கு உடம்பு தூக்கிப்போடுது.”

“மழைக்கு முந்தி முடிச்சிடலாம்னு பாத்தேன்மா…” அவர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார். “அவ்வளவு முடியலையா? சரி, நீ சொல்ற வரைக்கும் தொடமாட்டேன்.”

சுத்தியல் ஓய்ந்தும் அவள் அப்பா ஹின்னெர்க் லோரென்சனுக்கு நிம்மதி வரவில்லை. காலையிலிருந்து அவர் தன் வீட்டுப் படுக்கையில் இல்லை. போர்க்காலத்து நீர்மூழ்கிப் படகுக்குள், கடலின் அடித்தரையில் கிடந்தார். மேலே எதிரிக் கப்பல்கள் குண்டு போட்டுத் தேடுகின்றன. பேசினால் கேட்டுவிடும். மூச்சை இஷ்டத்துக்கு விட்டால் உள்ளே இருக்கிற காற்று தீர்ந்துவிடும். அதனால் முகம் நீலம் பாரிக்கும்வரை மூச்சை அடக்கினார், பிறகு திணறினார், மறுபடி அடக்கினார். மருத்துவர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். சாவு வரட்டும், இப்படித் திணறத் திணறவா வர வேண்டும் என்று அன்கே நொந்துகொண்டாள்.

அந்தப் படகின் சரித்திரம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உருளைக்கிழங்கு சாலட் தட்டில் காயக் காய அப்பா சொல்வார். கீல் துறைமுகத்தில் கட்டி இறக்கியது, நார்வே பக்கம் முதல் பயணம், அயர்லாந்துக்கு மேற்கே மூழ்கடித்த இரண்டு சரக்குக் கப்பல்கள், மூன்றாம் பயணத்தில் ஒரு பகல் முழுக்க அடித்தரையில் கிடந்தது. நான்காவதில் அவர் குடல்வால் அறுவைக்காகக் கரையில் தங்கிவிட்டார். படகு திரும்பி வரவில்லை.

ஒரு கிறிஸ்துமஸில்தான் தம்பி எக்கர்ட் கேட்டான்: “அந்த ரெண்டு கப்பல்ல இருந்தவங்க தண்ணியில கிடந்திருப்பாங்களே, அவங்கள என்னப்பா பண்ணீங்க?” அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். அந்த வருஷமே எக்கர்ட் ராணுவத்துக்குப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பிரேமன் நகரில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்குப் போனான். பதினெட்டு வருஷமாக வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இன்று மிதித்தான். தொலைபேசியில் அவள் அழுத அழுகை அப்படி.

“ஷூவைக் கழட்டுடா. சத்தம் கேட்டா பயப்படுறார்.”

“இன்னும் அந்தப் படகுலதான் இருக்காரா?”

“அதுலதான். மேல வந்தாச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் சொல்லிப் பாத்துட்டேன், நம்பல. அந்தப் படகுல பொம்பளைக் குரல் ஏது?”

“அக்கா, அந்தப் படகே வேண்டாம்னுதான் இந்த வீட்டை விட்டுப் போனேன்.”

“எல்லாம் தெரியும்டா. அவர் மூச்ச ஒருதரம் பாத்துட்டு அப்புறம் பேசு.”

காலுறையோடு உள்ளே போய் நின்றான். எத்தனையோ பேர் சாவதைப் பார்த்தவன்; அந்த மூச்சு அவனுக்கு எதையும் மறைக்கவில்லை. அப்பாவின் உதடுகள் மறுபடி இறுகின. சொல்லேன்டா பாவி, சொல்லேன் என்று அன்கே மனத்துக்குள் கெஞ்சினாள். கடைசியில் எக்கர்ட் குனிந்தான்.

“மேல வந்தாச்சு. படகு மூடியத் திறக்கலாம்.”

கிழவரின் கண் திறந்தது. சாத்தியிருந்த சன்னலைப் பார்த்தது. “திற…”

அன்கே தம்பியின் கையைப் பிடித்தாள். “வேண்டாம்டா! உயிர் போனதுக்கப்புறம்தான் சன்னலத் திறக்கிற வழக்கம். அது வெளிய போக வழி விடுறதுக்கு. இருக்கிறப்பவேவா?”

“அவருக்குக் காத்து வேணும்க்கா.”

கொண்டியைத் தூக்கித் திறந்துவிட்டான். அக்டோபர் மாதத்துக் கடற்காற்று திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கூரையில் டாம்ஸ் சன்னலைப் பார்த்தார், மெல்லத் தொப்பியைக் கழற்றினார். இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று அன்கே ஆத்திரமாகக் கையை ஆட்டினாள்.

அப்பா மூச்சை இழுத்தார், நெஞ்சு நிறைய, யாரைப் பற்றியும் பயமில்லாமல். விட்டார். மறுபடி இழுத்தார். அன்கேவுக்கு அழுகை வந்துவிட்டது.

“தண்ணியில ஆளுங்க இருக்காங்களா?” என்றார் அவர்.

அன்கே தம்பியைப் பார்த்துத் தலையை வேகமாக ஆட்டினாள், இல்லை என்று சொல்லிவிடு என்று. எக்கர்ட் அவளைப் பார்க்கவில்லை.

“இருக்காங்கப்பா.”

கிழவரின் விரல்கள் போர்வையைப் பிசைந்தன.

“கயிறு,” என்றார். “கயிறு போடு.”

கை கட்டிலுக்கு வெளியே நீண்டது. எக்கர்ட் பிடித்துக்கொண்டான். அந்த எலும்புக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, இழுத்த இழுப்பில் அவன் முழங்கால் கட்டிலில் இடித்தது. அவனும் விடவில்லை. பிறகு அந்தப் பக்கம் இழுப்பது நின்றுவிட்டது.

வெகுநேரம் கழித்து அன்கே எழுந்து, வழக்கப்படி சன்னலைத் திறக்கப் போனாள். கொண்டியில் கை வைத்த பிறகுதான் அது திறந்தே இருப்பது தெரிந்தது. பக்கத்துக் கூரையில் தூறல் ஆரம்பித்திருந்தது. டாம்ஸ் இன்னும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தலை நனைய உட்கார்ந்திருந்தார்.