ஈ பிடிக்கும் காலேஜ்

நார்பர்ட் வான்டெஹே காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்றால் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு ஈ காக்காகூட நம்பாது. இன்ஷூரன்ஸ் விற்கிற மனிதர். பெட்ரோல் போடுகிற இடத்தில் முன்பின் தெரியாதவரைப் பிடித்து வைத்துக்கொண்டு போன வருஷத்துப் பனியைப் பற்றிப் பேசுகிற ஆள். அவர் அந்தச் சனிக்கிழமை உம்மென்று காரை ஓட்டிக்கொண்டு போனதைப் பின்சீட்டிலிருந்து பார்க்கப் பார்க்க மகள் லிண்டிக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

விஷயம் இதுதான். லிண்டிக்கு டாக்டராக வேண்டும். அதற்கு முதலில் நாலு வருஷப் பட்டம், அப்புறம்தான் மருத்துவக் கல்லூரி. அந்த நாலு வருஷத்துக்கு இரண்டு இடங்கள் கையில் இருந்தன. ஒன்று, வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் மாநிலப் பல்கலைக்கழகம். அப்பா படித்த இடம், அவருடைய அப்பா படித்த இடம், ஃபுட்பால் நாளில் ஊரே சிவப்பு உடுத்திக்கொண்டு போகிற இடம். இன்னொன்று, அரை நாள் காரோட்டினால் சோளக் காட்டுக்கு நடுவே வருகிற எல்ம்குரோவ் காலேஜ். எது என்று திங்கள்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

பல்கலைக்கழகத்தைப் போன வாரமே போய்ப் பார்த்தாயிற்று. முதல் வருஷத்தில் ஆய்வகத்தில் என்ன செய்யலாம் என்று லிண்டி கேட்டதற்கு, சுற்றிக் காட்டிய பையன் ஒளிக்காமல் சொன்னான்: ஆரம்பத்தில் சோதனைக் குழாய் கழுவலாம், இடம் காலியானால் பிறகு பார்க்கலாம். எல்ம்குரோவில் வந்த முதல் வாரமே ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வார்களாம், பழ ஈ ஆராய்ச்சி. இதை வீட்டில் சொன்னதும் அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பேஷண்ட்ட பாக்க வேண்டியவ எதுக்கு ஈ பிடிக்கணும்?"

அதோடு சரி. அதற்கப்புறம் எல்ம்குரோவ் பேச்சை எடுத்தாலே "ஈ பிடிக்கிற காலேஜா?" என்று ஒரு நமட்டுச் சிரிப்பு. லிண்டிக்கு அங்கே போக வேண்டும் என்று உயிரே துடித்தது. ஆனால் அப்பா மனதார அனுப்பாமல் போக அவளால் முடியாது. அம்மா மார்லிஸ்தான் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டாவது வேண்டாம் என்று சொல் என்று கணவரைக் கிளப்பினாள்.

எல்ம்குரோவ் ஆய்வகத்தில் பேராசிரியர் டாக்டர் பா நூ யாங் காத்திருந்தார். எங்கள் விஸ்கான்சினின் வாசா ஊரில் வளர்ந்தவர், லாவோஸிலிருந்து வந்து குடியேறிய மோங் குடும்பத்துப் பெண், சின்ன உருவம், பெரிய சிரிப்பு. வெறுங்கையோடு எங்கும் போகத் தெரியாத மார்லிஸ் டப்பாவைத் திறந்து ஒரு பாதாம் கிரிங்கிலை நீட்டினாள். தட்டு அகலத்துக்கு வளையமாய்ச் சுட்ட இனிப்பு ரொட்டி அது. உள்ளே தின்பண்டம் கூடாது என்பதால் டாக்டர் யாங் அதை டப்பாவோடு வாசலுக்கு வெளியே மேஜையில் வைத்தார்.

அப்புறம் அவர் சுற்றிக் காட்டவெல்லாம் இல்லை, நேராக வேலை கொடுத்துவிட்டார். மயக்க வாயு வருகிற வெள்ளைத் தட்டில் குட்டி குட்டியாக ஈக்கள் கொட்டிக் கிடந்தன. லிண்டி நுண்ணோக்கியில் பார்த்து, தூரிகை நுனியால் ஆண் ஒரு பக்கம் பெண் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். நார்பர்ட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலடியில் இருந்த மிதியை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். மிதித்தால் வாயு வரும், விட்டால் நின்றுவிடும்.

லிண்டி தூரிகையைத் தொட்டாள், அவ்வளவுதான், ஆளே மாறிப்போனாள். ஆணுக்கு வயிற்று நுனி கறுப்பு. இது ஆண். இது பெண். ஒதுக்க ஒதுக்க வேகம் கூடியது. நடுவில் டாக்டர் யாங் இன்னொரு நுண்ணோக்கியை நார்பர்ட் பக்கம் நகர்த்தினார். அதில் கண்ணாடி போன்ற உடம்போடு ஒரு ஈப்புழு. உள்ளே இதயம் டப்டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. நம் இதயம் கெட்டுப்போவதற்கான காரணங்களில் பலவற்றை இதை வைத்தே படிக்கலாம் என்றார். அப்பா இன்னும் கொஞ்சம் குனிந்து திரும்பவும் பார்த்ததை லிண்டி கவனித்தாள்.

பிறகு நார்பர்ட் இரண்டு கையாலும் தொடையில் தட்டி, "சரி, அப்போ..." என்று எழுந்தார்.

எங்கள் பக்கத்தில் விடைபெறுவது லேசுப்பட்ட காரியமா என்ன? "சரி, அப்போ" என்றால் கிளம்பியாயிற்று என்று அர்த்தமில்லை. கிளம்பும் படலம் ஆரம்பம் என்று அர்த்தம். நாற்காலியருகே ஒரு பேச்சு, கதவருகே ஒரு பேச்சு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரு பேச்சு. வெட்டிவிட்டால் மரியாதைக் குறைவு. வேறு ஊர்ப் பேராசிரியராக இருந்தால் ஈக்கள் கிடந்த தட்டைத் திரும்பிப் பார்த்திருப்பார். டாக்டர் யாங்கோ வாசாவில் வளர்ந்தவர் ஆயிற்றே! அவரும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மார்லிஸ் கிரிங்கிலைச் சூடுபண்ணும் விதத்தை விளக்கினாள். அத்தனை நேர உம்முக்கும் வட்டி சேர்த்து நார்பர்ட் ஏரியில் பனி உருகாத கதையை எடுத்துவிட்டார். மிதியின் ஞாபகம் ஒருவருக்கும் இல்லை.

லிண்டி மட்டும் நுண்ணோக்கியை விடவில்லை. ஒரு ஈயின் கால் அசைந்தது. பக்கத்து ஈ இறக்கையை உதறியது. "ஒரு நிமிஷம், மன்னிக்கணும்" என்றாள். பனிக்கதை ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பணிவாக இன்னொரு தரம் சொன்னாள். அதற்குள் தட்டு முழுக்க நெளிந்தது.

"கதவச் சாத்துங்க!"

வான்டெஹே குடும்பத்தில் யாரும் ஒரு விடைபெறலை நடுவில் அறுத்ததாகச் சரித்திரமே இல்லை. மூவரும் திகைத்து நிற்க, ஈக்கள் குபீரென்று கிளம்பின. லிண்டி பாய்ந்து போய் அறை விளக்குகளை அணைத்தாள், நுண்ணோக்கி விளக்கை மட்டும் விட்டுவைத்தாள். வெளிச்சத்துக்குத்தான் வரும், மேல்பக்கம்தான் ஏறும், கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பிடியுங்கள் என்று ஆளுக்கொரு குழாயைத் திணித்தாள். ஆராய்ச்சிக்கு ஈ பிடித்துத் தருகிறார் நார்பர்ட் வான்டெஹே! இன்ஷூரன்ஸ் விற்கிற அந்தப் பெரிய உடம்பு இருட்டில் பதுங்கிப் பதுங்கிப் போய், "இந்தா ஒண்ணு! மார்லிஸ், உன் தோள்ல பாரு, அசையாத!" என்று கிசுகிசுத்தது. மார்லிஸ் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே தப்பியதெல்லாம் கிரிங்கில்மேல் மொய்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் யாங் டப்பாவை அப்படியே மூடி, இது எங்கள் பொறியைவிட நல்ல பொறி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிடிபட்டதெல்லாம் ஆணும் பெண்ணுமாய்க் கலந்துபோயிருந்தது. லிண்டி கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்டாள்.

"இதெல்லாம் இங்க சகஜம்மா," என்றார் டாக்டர் யாங். "நீ வர்றதா இருந்தா செப்டம்பர்ல இந்த மேஜை உனக்கு."

லிண்டி அப்பாவைப் பார்த்தாள். அவர் குழாயிலிருந்த ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காருக்கு வந்தும் அவர் கதவைத் திறக்கவில்லை.

"ஃபுட்பாலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றார். "நீ பக்கத்துலயே இருக்கணும்னு இருந்துச்சு. அதச் சொல்ல வெக்கம். அதான் ஈ, ஈன்னு கேலி பண்ணிட்டிருந்தேன்."

லிண்டி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கும் தூரத்த நெனச்சா பயமாத்தான் இருக்குப்பா. ஆனா இங்கதான் வரணும்னு இருக்கு."

"தெரியுது. விளக்க அணைச்சுட்டு எங்க எல்லாரையும் வேலை வாங்குனியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

இடத்தை உறுதி செய்கிற பக்கத்தை லிண்டி போனில் திறந்தாள். கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. அப்பா கையை நீட்டினார்.

"இங்க குடு. நீ அமுக்குனா நீ போயிட்டேன்னு இருக்கும். நான் அமுக்குனா நான் அனுப்பி வச்சேன்னு இருக்கும்."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனை மூக்கருகே பிடித்து, அவரே அமுக்கினார். விழுந்ததோ இல்லையோ என்று இன்னொரு தரமும் அமுக்கினார்.