சம்பளம் கேட்கப் போனவள்

டெல்லி துவாரகாவில் அந்த மனநல மையத்தின் வரவேற்பறையில், பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வள்ளியம்மை காத்திருந்தாள். எதிர் வரிசையில் ஆறு பெண்பிள்ளைகள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு ஃபைல். இருபத்துமூன்று வயதைத் தாண்டாத முகங்கள். இந்த வயதில் இத்தனை பேருக்கா மனசு சரியில்லை என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

படிவத்தில் 'வந்த காரணம்' என்ற இடத்தில் 'விவரம் அறிய' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். வரவேற்பிலிருந்தவள் அதைத் திருப்பி நீட்டினாள். "ஆன்ட்டிஜி, யே நஹி சலேகா." இது செல்லாதாம், பட்டியலில் இருப்பதில் ஒன்றைத்தான் டிக் செய்ய வேண்டுமாம். தூக்கமின்மை, குடும்பத் தகராறு, மன அழுத்தம். முப்பது வருஷ சர்வீசில் பொய்யாக ஒரு படிவம் நிரப்பியதில்லை வள்ளியம்மை. அரைமனதோடு மன அழுத்தத்தில் டிக் போட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த க்யூஆரை ஸ்கேன் செய்து ஆயிரத்து இருநூறு ரூபாய் கட்டினாள்.

ஒரு மத்திய அமைச்சகத்தின் சம்பளப் பிரிவில் அவளுக்கு வேலை. சம்பள லெவலை மட்டும் சொன்னால் போதும். அடிப்படை, பஞ்சப்படி, வாடகைப்படி, பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவாள். மகள் மதுமதிக்கு இப்போது கவுன்சலிங் சைக்காலஜி முதுகலையில் இடம் கிடைத்திருந்தது. ஆறரை லட்சம் கல்விக்கடன். அப்பா இல்லாத பிள்ளை. வள்ளியம்மைதான் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் நாளை சாயங்காலத்துக்குள். அவள் ஓய்வுக்கு இன்னும் நாலே வருஷம். மகளால் கட்ட முடியாமல் போனால் பென்ஷனில்தான் கை வைக்க வேண்டும்.

"படிச்சு முடிச்சா எவ்வளவுட்டி வரும்?" என்று நேற்றுக் கேட்டாள்.

"டிபெண்ட்ஸ்மா. டிமாண்ட் பஹுத் ஹை, நெறைய பேர் தேடறாங்க" என்றாள் மதுமதி.

டிபெண்ட்ஸ் என்றொரு சம்பளத்தை வள்ளியம்மை எந்தப் பட்டியலிலும் கண்டதில்லை. ஆழம் பார்க்காமல் காலை விடுகிறவளும் அல்ல. தமிழ் தெரிந்த கவுன்சலராக ஒருத்தியைச் செயலியில் தேடிப் பிடித்து, அரைநாள் லீவு போட்டு, கரோல் பாக்கில் மெட்ரோ ஏறிவிட்டாள்.

உள்ளே இருந்த அந்தக் கவுன்சலர் பிரியதர்ஷினிக்கு முப்பது வயதுகூட இராது. "சொல்லுங்க ஆன்ட்டி. என்ன கஷ்டம்?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஒன் சம்பளத்தக் கேக்கத்தான் வந்தேன். நீ எந்த லெவல்?"

பிரியதர்ஷினி சிரித்துவிட்டாள். வள்ளியம்மை சிரிக்காததைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"லெவல்லாம் கிடையாது ஆன்ட்டி. ஒரு செஷனுக்கு முந்நூத்தம்பது."

"நான் ஆயிரத்திருநூறுல்லா கட்டியிருக்கேன்?"

"மிச்சம் சென்டருக்கு."

"பஞ்சப்படி?"

"இல்ல."

"இன்கிரிமென்ட் ஜனவரியா, ஜூலையா?"

"ரெண்டும் இல்ல. மூணு வருஷமா அதே முந்நூத்தம்பதுதான். வரேன்னவங்க வரலைன்னா அதுவும் போச்சு."

வள்ளியம்மை ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மாதம் எண்பது செஷன் என்றால் இருபத்தெட்டாயிரம். பிரியதர்ஷினி படித்த கடனுக்குத் தவணை ஏழாயிரத்து எண்ணூறு. அறை வாடகை ஒன்பதாயிரம். கேஸ்களைப் பற்றி இவள் யோசனை கேட்கும் சீனியருக்கு நாலாயிரம்.

"அவங்களுக்கும் நீயா குடுக்க? மிச்சத்துல எதத் திங்க?"

"காலைல ஆன்லைன்ல டியூஷன் எடுக்கறேன்."

"இவ்வளவு கஷ்டப்பட்டு, வேல பிடிச்சிருக்காம்மா?"

இதற்கு மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. "ரொம்பப் பிடிச்சிருக்கு ஆன்ட்டி. எட்டு மாசமா தூங்காத ஒரு பஸ் கண்டக்டர், போன வாரம் வந்து ராத்திரி பூரா தூங்கினேன்னு சொன்னார். அன்னிக்கு வீட்டுக்கு நடந்தே போனேன்." முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. இடம் கிடைத்த அன்று மதுமதியின் முகத்தில் பார்த்த அதே வெளிச்சம். வள்ளியம்மை பேனாவை மூடினாள்.

"எம் மகளும் இதத்தான் படிக்கணுங்கா. கடனுக்குக் கையெழுத்துப் போடவா, வேண்டாமா? நீ சொல்லு."

"அட்வைஸ் சொல்லக் கூடாது ஆன்ட்டி. அது எங்க ரூல்." கடிகாரத்தைப் பார்த்து எழுந்தாள். நாற்பத்தைந்து நிமிஷம் முடிந்திருந்தது. கதவருகே வந்தவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மா எதையும் கேக்காமதான் போட்டாங்க."

வெளியே அந்தப் பெண்பிள்ளைகள் இன்னும் காத்திருந்தார்கள். கடைசியில் இருந்தவளிடம், டாக்டர் எத்தனை மணிக்குப் பார்ப்பார் என்று வள்ளியம்மை இந்தியில் கேட்டாள். தாங்கள் நோயாளிகள் இல்லை என்றாள் அவள். எம்.ஏ. முடித்தாயிற்று, ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வேலை தருவதில்லையாம்.

"எவ்வளவு?"

"பதினெட்டாயிரம் ஆன்ட்டி."

வள்ளியம்மையின் முகம் மலர்ந்தது. பயிற்சிக்கே பதினெட்டு என்றால் பரவாயில்லையே. பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டாள்.

அந்தப் பெண் விழித்தாள். "அவங்க குடுக்கறதில்ல ஆன்ட்டி" என்றாள் இந்தியில். "நாங்கதான் கட்டணும்."

அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வள்ளியம்மை முன்பு பணம் கட்டிய அதே கண்ணாடி முன்னால் அந்தப் பெண் போய் நின்றாள். க்யூஆரில் கட்ட அவள் கணக்கில் அவ்வளவு பணம் இல்லை. அம்மாவின் ஏடிஎம் கார்டைப் பார்த்துப் போனில் எண்களை அழுத்திவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"மம்மி, ஓடிபி வந்துச்சா?" என்றாள் இந்தியில்.

பின்னால் ஏதோ தையல் மெஷின் ஓடும் சத்தம். அது நின்றது. ஒரு பெண்குரல் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தது. சரியாகக் கேட்டதோ என்னவோ என்று, இரண்டாம் முறையும் வாசித்தது.