வேகம் குறைத்த பாட்டு

சுவிசேஷமுத்து கடைசியாக வேலைக்குப் போன காலையில் அவனுக்கும் தங்கை உர்சுலாவுக்கும் சண்டை. கப்பல்காரன் ஒருவனிடம் கெஞ்சி வாங்கிவந்த பங்க் ராக் பாட்டு கேசட்டை அவள் டேப்பில் சிக்கவைத்து நாடாவை அறுத்துவிட்டாள். "சாயந்திரம் வந்து உன்ன வச்சுக்கிறேன்" என்று கத்திவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினான்.

அவன் கப்பல் பட்டறையில் வெல்டர். அன்று எண்ணெய்த் தொட்டி ஒன்றுக்குள் இறக்கினார்கள். முதல் பொறியிலேயே தீப்பிடித்தது. உள்ளே வாயு மிச்சமிருந்தது யாருக்கும் தெரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். மூடிய பெட்டியைத்தான் கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி அம்மா பிரிஜட் மன்றாடினாள். சாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். விசாரணை நடந்தது. யார் மேலும் குற்றமில்லை என்று அது முடிந்தது. இது எண்பத்திரண்டில்.

உர்சுலாவுக்கு அப்போது இருபது வயது. மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வேலை இல்லாத நேரத்தில் ஒரு பேண்டில் பேஸ் கிதார் வாசித்தாள். பேண்டில் மூன்றே பேர். பாடுவதும் கிதார் வாசிப்பதும் சூசைநாதன். பங்குக் கோவில் பாடகர் குழுவில் அவளோடு வளர்ந்தவன். டிரம்ஸ் ஜமால் முகம்மது. டன்லப் ஸ்திரீட்டில் அவன் மாமாவுக்குத் துணிக்கடை இருந்தது. கடைக்கு மேலே, துணி மூட்டைகளுக்கு நடுவே, மின்விசிறி கூட இல்லாத அறையில் மூவரும் வேர்க்க விறுவிறுக்க வாசிப்பார்கள். எல்லாம் வேகமான பாட்டு, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. கூச்சல் இருக்கும். அதற்குள்ளேயே முணுமுணுக்கத் தோன்றும் ஒரு மெட்டும் இருக்கும். அந்த மெட்டுகளைச் சூசை எங்கிருந்துதான் பிடித்துவந்தானோ.

அண்ணன் இறந்து ஒரு மாதம் கழித்து உர்சுலா ஒரு பாட்டு எழுதினாள். பாதி ஆங்கிலம், பாதி வீட்டுத் தமிழ். முத்து சண்டை போட்டுவிட்டுப் போகிறான். முத்து தொட்டிக்குள் இறங்குகிறான். மேலே நிற்கிற பெரிய மனிதர்கள் மணி பார்க்கிறார்கள். தங்கை நாடாவை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. கடைசியில் மூன்று பேரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெறும் தொண்டையில் "முத்து! முத்து!" என்று கத்துவார்கள்.

"இத மெதுவா பாடவா?" என்று சூசை கேட்டான்.

"வேணாம். எவ்ளோ ஸ்பீடா முடியுமோ அவ்ளோ ஸ்பீடு. எனக்கு அழுகை வர்றதுக்குள்ள முடியணும்."

சமூக மன்றத்திலும் கோவில் மண்டபத்திலும் அதைப் பாடினார்கள். பட்டறையில் முத்துவோடு வேலை செய்தவர்கள் முன்வரிசையில் வந்து நின்றார்கள். கடைசியில் பெயரைச் சொல்லிக் கத்தும்போது அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஒருவர், தாடி நரைத்தவர், கத்தி முடித்ததும் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். பிரிஜட் மட்டும் ஒருமுறையும் வரவில்லை. அந்தச் சத்தம் தனக்கு ஆகாது என்பாள். ஆனால் உர்சுலா வீடு திரும்பியதும், "அவன் பேர சொன்னீங்களா?" என்று கேட்பாள். சொன்னோம் என்றால், சரி என்று போய்ச் சோறு போடுவாள்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. அப்போதுதான் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து சுந்தரம் என்பவர் வந்தார். நல்ல மனிதர். துணிக்கடை மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிவந்து, மூட்டை மேல் உட்கார்ந்து, எல்லாப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த முத்து பாட்டு நல்லா இருக்கு. மெட்டு மனசுல நிக்குது. ஆனா இந்த ஸ்பீடுல ரேடியோல போட மாட்டாங்க லா. பாதியா குறைங்க. கிதார் கனமா வரட்டும், ரெண்டு மூணு மடங்கு. டிரம்ஸ் இடி மாதிரி விழணும். இப்ப எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க."

"வார்த்தை?" என்றாள் உர்சுலா.

சுந்தரம் கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதம்மா. கப்பல், தீ, பெரிய மனுஷங்க, இதெல்லாம் ரேடியோவுக்குப் போகாது. தமிழும் இங்கிலீஷும் கலந்து இருந்தா எந்த ஸ்டேஷன் எடுக்கும் சொல்லு? முழுசா இங்கிலீஷ்ல வைங்க. ஒரு ஆளு விட்டுட்டுப் போயிட்டான், இன்னொரு ஆளு காத்திருக்கு. அப்படி இருந்தா போதும்."

அவர் இறங்கிப் போனார். ஜமால் குச்சியால் தன் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான். சூசைதான் ஆரம்பித்தான்.

"உர்சு, எவ்ளோ நாளைக்கு இதே அம்பது பேருக்கு வாசிக்கிறது? முத்து அண்ணன் இருந்தா வேணாம்னு சொல்லுவாரா?"

அது நியாயமான கேள்வியா என்று அவளுக்குத் தெரியவில்லை. முத்து என்ன சொல்லியிருப்பான் என்பதும் தெரியவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். வார்த்தையை மாற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம், முடிவில் வரும் பெயரில் மட்டும் கை வைக்கக் கூடாது. சூசை அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

ஒலிப்பதிவு நான்கு நாள் நடந்தது. வேகம் குறைந்தபோது பாட்டு வேறு ஆளாகிவிட்டது. சூசையின் கிதாரை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து சுவர் மாதிரி எழுப்பினார்கள். உர்சுலா ஒரு சுரத்தை வாசித்துவிட்டு, அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளிகளில்தான் அவளுக்கு மூடிய பெட்டி ஞாபகம் வந்தது. வேகமாக வாசித்த காலத்தில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. முதல் நாள் பாதியில் எழுந்துபோய்க் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கடைசியில் மூன்று பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று "முத்து!" என்று கத்தினார்கள். பதிந்ததைப் போட்டுக் காட்டினார்கள். பெயர் தெளிவாகக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரேடியோல வருதும்மா. கடைசில அவன் பேரு வரும்" என்று அவள் வீட்டில் சொன்னாள்.

பிரிஜட் அன்று பூசைக்கு உடுத்திய சேலையை மாற்றவில்லை. அடுத்த வீட்டு பாக்கியலட்சுமியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். சாமி மேசையிலிருந்த முத்துவின் படத்தை எடுத்துவந்து ரேடியோ பக்கத்தில் வைத்தாள். பாட்டு வந்தது. பிரிஜட் முன்னால் குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. பெயருக்காகத்தான் காத்திருந்தாள். கிதார் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு மெல்ல மெல்லச் சத்தம் குறைந்துகொண்டே போய், பெயர் வரவேண்டிய இடத்துக்கு முன்பே ஒன்றுமில்லாமல் போயிற்று. அறிவிப்பாளர் அடுத்த பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் பிரிஜட்.

"சொன்னாங்களா? எனக்குக் காதுல விழலயே" என்றாள் பாக்கியலட்சுமி.

பிரிஜட் படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "சொன்னாங்க சொன்னாங்க. சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது" என்று பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். உர்சுலாவை அவள் பார்க்கவே இல்லை.

சூசையை அவன் வீட்டு வாசலிலேயே வைத்துக் கேட்டாள் உர்சுலா. அவன் மறைக்கவில்லை. பதிந்ததையெல்லாம் கலந்து சேர்க்கிற மிக்ஸிங் நடக்கும்போது கூட இருந்திருக்கிறான். பாட்டு நீளம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். தமிழில் என்னவோ கத்துகிறீர்கள், கேட்கிறவனுக்குப் புரியாது என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விட்டுருப்பியா?"

அவள் திரும்பி நடந்தாள். அன்றே பேண்டை விட்டிருக்கலாம். விடவில்லை. பாட்டு ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. டாக்சியில் கேட்டது, கேசட் கடைகளில் கேட்டது, தொழிற்சாலையில் பக்கத்து மேசைப் பெண் அதை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். உர்சுலாவுக்கும் இருபத்திரண்டு வயதுதானே. அந்த மினுமினுப்பு அவளையும் கொஞ்சம் இழுத்தது. அதை நினைத்துத் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

எண்பத்தைந்து தொடக்கத்தில் ஒரு கல்லூரி அரங்கில் வாசித்தார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது. பாட்டு முடிகிற இடத்தில் உர்சுலாவுக்கு என்னவோ ஆயிற்று. கிதார் அடங்குவதற்குள் மைக்கை இழுத்து, "முத்து!" என்று கத்திவிட்டாள். பிறகு பின்வரிசையிலிருந்து யாரோ திருப்பிக் கத்தினான், "மு-டூ!" சிரிப்பு எழுந்தது. அடுத்து பத்துப் பேர், அதற்கப்புறம் அரங்கம் முழுக்க, கைதட்டி, காலால் தரையை உதைத்து, மு-டூ, மு-டூ. அது என்ன சொல் என்று ஒருவருக்கும் தெரியாது. கத்த வாட்டமாக இருந்தது, கத்தினார்கள்.

மேடையை விட்டு இறங்கும்போது சூசையின் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா? இனிமே ஒவ்வொரு ஷோவுலயும் இதப் பண்ணணும் லா. நீ கேட்டதுதானே?"

பாக்கியலட்சுமியின் மகன் அந்தக் கல்லூரியில்தான் படித்தான். உர்சுலா வீடு சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டது. கதவைத் திறந்த பிரிஜட்டின் முகத்தை அவள் மூன்று வருடமாக அப்படிப் பார்த்ததில்லை.

"எல்லாரும் சொன்னாங்களாமே? சீனப் பிள்ளைங்க, மலாய்ப் பிள்ளைங்க, எல்லாரும் எம்புள்ள பேர சொன்னாங்களாமே?"

"ஆமாம்மா."

"அடுத்து எங்க பாடுறீங்க? நான் வரேன்."

வேண்டாம் என்று சொல்ல உர்சுலா வாயைத் திறந்தாள். அம்மா அதற்குள் சாமி மேசைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போய்விட்டாள்.

அடுத்தது தெம்பனிஸ் திடலில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சுற்றிலும் கட்டி முடித்ததும் கட்டிக்கொண்டிருப்பதுமாகப் புது வீடுகள். பிரிஜட் பூசைச் சேலையில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முதல் வரிசை ஓரத்தில் நின்றாள். சத்தம் வரும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனாலும் நகரவில்லை.

உர்சுலா மேடையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். பெயர் வரும் இடம் வந்தது. உர்சுலா வாய் திறக்கவில்லை. சூசைதான் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அவ்வளவுதான், திடலே அதிர்ந்தது. பிரிஜட்டும் கத்தினாள். அவள் வாய் அசைவது தெரிந்தது. அவள் மட்டும் "முத்து" என்று சரியாகச் சொன்னாள். கண்ணீர் வழிய, சிலுவை போட்டுக்கொண்டு, மறுபடி மறுபடி சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்திலிருப்பவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் இரண்டு பையன்கள். ஒருவன் மற்றவன் முதுகில் ஏறிக்கொண்டு, பன்றி மாதிரி மூக்கைத் தூக்கி, மு-டூ, மு-டூ என்று இழுத்தான். பின்னால் நின்ற ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாரோ வீசிய காலி டின் ஒன்று மேடையில் வந்து உருண்டது. பிரிஜட்டின் வாய் நின்றுபோனதை உர்சுலா பார்த்தாள். அம்மா மெல்லச் சுற்றிலும் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக. பிறகு கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். வெகுநேரம் தேடினாள்.

பேருந்தில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து வந்தார்கள். பேஸ் கிதார் உர்சுலாவின் முழங்கால்களுக்கு நடுவே நின்றது. பாதி வழியில் பிரிஜட் கேட்டாள்.

"அது ஒரு ஆளோட பேருன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"யாரும் சொல்லலயா?"

"பாட்டுல இருந்துச்சு. நான் எடுத்துட்டேன்."

தானே எடுத்ததாகச் சொல்லிவிட்டாள். சுந்தரத்தையோ சூசையையோ இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிரிஜட் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே அவன் பேர அங்க சொல்லாதீங்க" என்றாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் உர்சுலா சூசையிடம் சொன்னாள். பேண்டிலிருந்து விலகிக்கொள்கிறேன், அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடு என்றாள்.

சூசை காலணி நுனியால் தரையைத் தேய்த்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நான் சொல்லாட்டியும் கூட்டம் சொல்லுது உர்சு. டிசம்பர் வரைக்கும் ஷோ ஒத்துக்கிட்டாச்சு. நான் எப்படி நிறுத்தறது?"

"நீ கைய தூக்காத."

அவனுடைய அம்மா கூப்பிட்டாள், போய்விட்டான்.

அடுத்த மாதமே வேறொருவன் பேஸ் வாசிக்க வந்தான். டிசம்பர் வரைக்கும் சூசை ஒவ்வொரு மேடையிலும் கையை உயர்த்தினான் என்று ஜமால் ஒருநாள் தேக்கா சந்தையில் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவர்களுடைய குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் பிரிஜட் ரேடியோவின் இணைப்பைப் பிடுங்கி, அதைத் துணியில் சுற்றி அலமாரி மேல் ஏற்றினாள். மாலையில் மாடிக்குக் கீழே பந்து விளையாடும் பிள்ளைகள் கோல் போடும்போதெல்லாம் மு-டூ, மு-டூ என்று கத்துவார்கள். அப்போது அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவாள். புழுக்கத்தில் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.