பச்சைக்குப் பிறகு ஒரு கால் சுற்று

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு காரின் ஓட்டுநர் இருக்கையில். எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுது. ஆனா படிக்கிறவங்க என்னைய லூசுன்னு நெனைக்காத மாதிரி எழுது" என்றான்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

மச்சானும் மாப்பிள்ளையும் பதினெட்டு வருடம் இணைபிரியாது ஊர் வண்டிகளையெல்லாம்...

கல்யாண வாழ்த்து மடல் போல இருக்கிறது. அடித்துவிட்டேன். அடுத்தது:

என் கணவர் போன பிறகு, நேர் என்றால் என்ன என்ற கேள்வி அண்ணனின் மனதில்...

இது அதைவிட மோசம். அண்ணன் மனதில் அப்படி ஒரு கேள்வியும் இல்லை. அவன் நினைத்தது ஒன்றுதான்: இந்த வண்டியும் கோணலாகத் திரும்பி வந்தால் மெஷினை விற்றுவிட வேண்டும். அங்கிருந்தே சொல்கிறேன்.

2

அண்ணனுடையது வீல் அலைன்மென்ட் பட்டறை. வண்டி மேடையில் ஏறும். அதன் முகத்துக்கு நேரே சுவரில் ஒரு திரை. என் கணவர் வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் கண்ணளவில் நேராக வைத்து, அசையாதபடி ஒரு கம்பியால் பூட்டுவார். அண்ணன் வண்டிக்கு அடியில் நின்று, முன்சக்கரங்களைத் திருப்பும் இரண்டு ராடுகளையும் நீட்டியோ குறுக்கியோ சரிசெய்வான். சக்கரம் நேரானதும் திரையில் சிவப்பாக இருக்கும் எண்கள் பச்சையாகும். பிறகு என் கணவர் வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பார்.

(வண்டி நேராகப் போவது வேறு, ஸ்டியரிங் நேராக நிற்பது வேறு. ஸ்டியரிங் கோணியிருந்தாலும் வண்டி ஒழுங்காகத்தான் போகும். ஆனால் ஓட்டுகிறவருக்கு நாள் முழுக்க ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும்.)

என் கணவருக்கு இடது காது கேட்காது. அண்ணன் அடியிலிருந்து கத்துவதைக் கேட்க, வலது காதை ஜன்னல் பக்கம் சாய்த்தபடியே உட்கார்ந்திருப்பார்.

"மாப்ள, நேரா இருக்கா?"

"நூல் புடிச்ச மாதிரி இருக்கு மச்சான்."

ஓட்டிப் பார்த்துவிட்டு வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "பாத்தியா? நம்ம கண்ணு ஒரு மெஷின்யா."

"ஆமா, கழட்டிக் குடு, ஷோகேஸ்ல வைக்கிறேன்."

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். இது அந்தக் கதை இல்லை.

3

அண்ணன், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரசமட்டம் ஒன்று வாங்கினான். ஸ்டியரிங்கின் மேல் வைத்தால் கண்ணே வேண்டாம். தானே நேர் பார்த்து, பூட்டி, தானே அடியில் இறங்கினான். சாலையில் ஓட்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டான். அது அவர் வேலை.

மூன்று வண்டிகள் திரும்பி வந்தன. மூன்றிலும் ஸ்டியரிங் ஒரே பக்கம், ஒரே அளவு கோணல். மெஷின்காரர் வந்து பார்த்து, மெஷினில் குறையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது வண்டி டிரைவிங் ஸ்கூல் அக்காவுடையது.

"ஏங்க, என் பசங்க ஏற்கனவே கோணலாத்தான் ஓட்டுறாங்க. வண்டியும் அவங்களோட சேந்துகிட்டா நான் எங்க போவேன்?"

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று எனக்கு விடுமுறை, பட்டறையில் இருந்தேன். தனியாக வந்து சொன்னான்:

"பாப்பா, அவன் இல்லாம எனக்கு நேர் வரல. இத ஒரு தடவ பாக்குறேன். இதுவும் கோணுச்சுன்னா மெஷினக் குடுத்துடுறேன்."

[இந்த இடத்தைப் படித்துக் காட்டியபோது, "குடுத்துடுறேன்னு சொல்லல, தூக்கிப் போட்டுடுறேன்னுதான் சொன்னேன்" என்றான். இருக்கட்டும்.]

"நான் வேணா உள்ள உக்காரட்டா?" என்றேன்.

4

உட்கார்ந்தேன். ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நின்றது. கம்பியைப் பூட்டினேன்.

"நேரா இருக்கா?"

"இருக்கு."

அடியில் ஸ்பானர் சத்தம். திரையில் எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. அண்ணன் மேலே வந்து, அந்தப் பச்சைக் கணக்கை அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டு, மறுபடியும் அடியில் இறங்கினான். நட்டை இறுக்கப் போகிறான் என்று நினைத்தேன். இடது எண் சிவந்தது. சற்று நேரத்தில் வலதும் சிவந்தது.

"அண்ணே."

"ம்."

"எல்லாம் பச்சையா இருந்துச்சே. இப்ப ரெண்டும் செவப்பாயிடுச்சு. என்ன பண்ற?"

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

(இனி அண்ணன் சொல்லக் கேட்டது. அடியில் நான் இல்லை.)

அவன் தன் கையைப் பார்த்தான். அந்தக் கை இடது ராடைக் கால் சுற்று நீட்டியிருந்தது, வலதைக் கால் சுற்று குறுக்கியிருந்தது. அவன் அதை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாகச் செய்ததை அது தன் பாட்டுக்குச் செய்துவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல ஸ்பானரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து மேடை விளிம்பில் உட்கார்ந்தான்.

"மாப்ள தலையச் சாச்சுகிட்டேதான நேர் பாப்பான். சாஞ்ச தலைக்கு எது நேரோ அதப் பூட்டுவான். துளிதான் கோணல். நான் பச்ச வந்ததும் பிரின்ட் எடுத்துட்டு, அடியில போய் ரெண்டு பக்கமும் கால் சுத்து சரி பண்ணிடுவேன். அவனுக்குத் தெரியாம."

"நிமிந்து உக்காருன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நிமிந்தா நான் பேசறது அவனுக்குக் கேக்காதே."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "ரசமட்டம் வெச்சு நேராப் பூட்டிட்டு, கோணலே இல்லாத மூணு வண்டிய ஒக்காந்து கோணலாக்கியிருக்கேன் பாரு!" எனக்கும் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் அக்கா எட்டிப் பார்த்து, "வண்டி சரியாயிடுச்சா, இல்ல நீங்க ரெண்டு பேரும்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இங்கே நன்றி என்ற சொல்லை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். சொல்ல வந்தது இதுதான்: என் கணவர் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, இன்று எந்த வண்டியைத் தன் கண்ணால் நேராக்கினார் என்று சொல்லிக்கொண்டேதான் நுழைவார். பட்டறையில் அப்படி ஒரு கையும் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நல்ல வாழ்க்கைதான் வாழ்ந்திருக்கிறோம்.

5

அண்ணன் அந்தக் கால் சுற்றைத் திருப்பி எடுத்தான். இரண்டும் பச்சை. அக்கா தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நேர் ரோட்ல கைய எடுத்துப் பாத்தேன். அசையல. இனிமே என் பசங்க கோணினா அது அவங்க கோணல்தான்."

மெஷின் விற்காமல் தப்பியது, கதை முடிந்தது என்று இங்கே ஒரு கோடு போட்டேன். ஆனால் மறுநாள் வேலை முடிந்து பட்டறைக்குப் போனபோது, மேடையில் வேறொரு வண்டி இருந்தது. அண்ணன் என்னை அடியில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்தான். எனக்கு ஸ்பானர் பிடிக்கக்கூடத் தெரியாது. சும்மா ராடைத் திருப்பச் சொன்னான். திருப்பினேன். மேலே வந்து பார்த்தேன். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இங்கேருந்து இவ்ளோ நல்லாத் தெரியுதா பாப்பா?"

"தெரியும். நேத்து சொன்னேனே."

"அப்ப அவன் இங்க ஒக்காந்து... பச்சை செவப்பாறத, இத்தன வருஷமா..."

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் என் கணவர் முதல் வாரமே பார்த்துவிடுகிறார். பார்த்தும் ஒன்றும் கேட்காமல், ஓட்டிவிட்டு வந்து, 'நம்ம கண்ணு ஒரு மெஷின்யா' என்று மச்சானின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அதைத் திரும்பப் படித்தால் அது பெருமையாகத் தெரியவில்லை, அந்த 'நம்ம'வில் மச்சானும் இருப்பதாகத் தெரிகிறது. இன்னொன்றில் அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. பச்சை வந்ததும் தன் வேலை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இரண்டில் எதை எழுதினாலும் மற்றதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

"நீதான அவன் கூட இருந்த. சொல்லு. தெரிஞ்சிருக்குமா?" என்றான் அண்ணன்.

சொன்னேன். யோசிக்காமல்தான் சொன்னேன். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதையே நானும் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, நான் திருப்பிய ராடைச் சரிசெய்து வண்டியை மேடையிலிருந்து இறக்கினான். பிறகு வாசலில் காத்திருந்த வேனைப் பார்த்து, வா வா என்று கையை ஆட்டினான்.