டோல்கேட்டில் பத்தடி முகம்

காலையில் டோல்கேட் நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கிய சங்கமித்ராவின் கண்ணில் முதலில் பட்டது வல்லரசுவின் மூக்கு. அது ஒரு பூசணிக்காய் அளவுக்கு இருந்தது.

மூக்குக்கு மேலே இரண்டு கண்கள், கீழே ஒரு சிரிப்பு, அதற்கும் கீழே சிவப்பு எழுத்துகள். ‘போதை மாத்திரையின் பிடியிலிருந்து மீண்டான் எங்கள் செல்வன் வல்லரசு! பெற்ற தாயின் மூக்குத்தியைத் திருடி விற்றவனை மனிதனாக்கிய மாமனிதர், சமூகச் செம்மல் லோகநாதன் அவர்களை வணங்கி மகிழ்கிறோம். கரையேற்றும் கைகள் அறக்கட்டளை.’ ஓரத்தில் லோகநாதன் கைகூப்பி நின்றார். அவரை அவரே வணங்குவது போல இருந்தது.

இடப்பக்கம் ஒரு காதுகுத்து பேனர். வலப்பக்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி. காது குத்திக்கொண்ட குழந்தைக்கும் செத்துப்போனவருக்கும் நடுவில், இருவரையும்விடப் பெரிதாக வல்லரசு சிரித்துக்கொண்டிருந்தான். வட சென்னையில் பேனர் இல்லாமல் எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. பூப்பெய்தினால் பேனர், பொதுக்குழு உறுப்பினர் ஆனால் பேனர், ஆயுள் முடிந்தால் பேனர். ஒருவன் திருந்தினால் மட்டும் சும்மா விடுவார்களா?

சங்கமித்ரா மூக்குத்தி வரியை இரண்டு முறை படித்தாள். மூக்குத்தி விஷயத்தை வல்லரசு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தான். அந்த ஆள் அவள்தான்.

சங்கமித்ரா சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. அவள் வளர்ந்தது வியாசர்பாடி குடியிருப்பில். சின்ன வயதில் கூடப் பந்தாடிய பையன்களில் சிலர் அதே குடியிருப்பின் சுவரில் கண்ணீர் அஞ்சலியாக ஒட்டப்பட்டதைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பை எடுத்தாள். களப்பயிற்சிக்குக் கல்லூரி முதல் ஆண்டிலேயே அவளை அனுப்பிய இடம் கரையேற்றும் கைகள். அங்கே அவளுக்குக் கிடைத்த முதல் ஆள், பதினெட்டு வயது வல்லரசு. அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், மைதானத்து ஓரத்தில் மணிக்கணக்கில் அவன் திட்டுவதையெல்லாம் கேட்டாள். ஒருநாள் அவன் திட்டுவதை நிறுத்திவிட்டு அழுதான். அன்றைக்குத்தான் மூக்குத்திக் கதை வந்தது. “யக்கா, இத்த உன்னாண்டதான் சொல்றேன். வெளிய வுட்றாத” என்றான்.

அவள் வெளியே விடவில்லை. உள்ளேதான் விட்டாள். போன சனிக்கிழமை அலுவலகக் கூட்டத்தில் இயக்குநர் லோகநாதன், “யாராச்சும் மனசு நிறையுற மாதிரி ஒரு செய்தி சொல்லுங்கம்மா” என்றபோது, பெயரோடும் மூக்குத்தியோடும் முழுக்கதையையும் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அவளுக்கும் இனித்தது. லோகநாதனின் கண்கள் கலங்கின. நல்ல கதை கிடைத்தால் அவருக்கு உடனே கண் கலங்கும்.

இப்போது வல்லரசு தண்டையார்பேட்டையில் ஒரு மளிகை மொத்தக்கடையில் வேலை பார்க்கிறான். கடை முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பையனை முழுசாக நம்புகிறாரோ, வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் வெற்றிலைத் தட்டில் குடோன் சாவியை வைத்து அவனிடம் நீட்டுவார். அதற்குப் பிறகு அவன் கூலியாள் இல்லை, கடையாள். வருகிற வெள்ளிக்கிழமை அந்தத் தட்டு வல்லரசுவுக்கு என்று முடிவாகியிருந்தது. அதற்காக அவன் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி வைத்திருந்தான்.

இன்றைக்குப் புதன்கிழமை.

சங்கமித்ரா கடைக்கு ஓடினாள். அண்ணாச்சி பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தாயீ. பேனரைப் பாத்துட்டுத்தான் வாரியளா?”

“அண்ணாச்சி, அவன் அதை விட்டு ஒரு வருஷம் ஆச்சு. உங்க கடையில இதுவரைக்கும் ஒரு குந்துமணி காணாமப் போயிருக்கா?”

“போவலையே. தங்கமான பய. நானா இல்லைங்கேன்? ஆனா காலைலேர்ந்து வாரவன் போறவன் எல்லாம், ‘உங்க கடைப் பையன் கஞ்சா கேஸாமே’ன்னு கேக்கான். கஞ்சா இல்லவே, மாத்திரைன்னு நானும் திருத்திப் பாத்தேன். அதுல ஒண்ணும் மரியாதை கூடல.”

“வெள்ளிக்கிழமை சாவி?”

அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த தட்டுதான்.

“அத எப்படித் தாயீ குடுக்க? நாளைக்கு ஒரு மூட்டை குறைஞ்சா, எலி தின்னிருந்தாலும் அவந்தான்னு சொல்லுவானுவ. பய வந்தான், பேனரைப் பத்தி நாலு பேரு கேட்டானுவ, அப்படியே எந்திரிச்சுப் போயிட்டான். நான் போன்னும் சொல்லல. இருன்னும் சொல்லல.”

வல்லரசு, அவன் அம்மா பச்சையம்மா மீன் விற்கும் தெருமுனையில் இருந்தான். அம்மா காசிமேட்டிலிருந்து கொண்டுவந்த சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தான். முகத்தைத் துண்டால் பாதி மூடியிருந்தான். பத்தடிக்கு ஊரே பார்த்த முகத்தை அரையடித் துண்டால் மறைக்கப் பார்த்தான்.

“வா யக்கா. தேங்க்ஸு. என் மூஞ்சி இவ்ளோ ஷோக்கா கீதுன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.”

“வல்லரசு, அந்த போட்டோ...”

“ஃபுட்பால் பிரைசு குடுக்க சொல்ல, உங்க சாரு தோள்ல கை போட்டு எடுத்துகினாரு. கப்பு வாங்குனதுக்கு போட்டோன்னு நெனச்சேன். கப்ப கட் பண்ட்டாரு.” கத்தி செதிலில் வேகமாக ஓடியது. “போட்டோ போவட்டும் யக்கா. மூக்குத்தி மேட்டர நான் யாராண்ட சொன்னேன்?”

சங்கமித்ரா குனிந்து மீன் கூடையைப் பார்த்தாள். மீன் நாற்றம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத ஒரு நாற்றம் தன்னிடமிருந்தே வருவது போலிருந்தது.

பச்சையம்மா தண்ணீரைத் தெளித்தபடி சொன்னாள். “மூக்குத்தி எங்கன்னு கேட்ட சனத்தாண்டல்லாம், அலையில வுயுந்துட்ச்சின்னு சொல்லிகினு இருந்தேம்மா. புள்ள மானம் ஆச்சே. இப்ப அவன் திருடன், நான் பொய்க்காரி. ரெண்டு பேரையும் ஒரே துணில அட்ச்சி மாட்டிட்டாரு. கலீஜ் புடிச்ச ஆளு!”

அடுத்து அவள் போனது அலுவலகத்துக்கு. லோகநாதன் தமது சுழல் நாற்காலியில், நடுவில் ஓட்டை உள்ள வட்டமான காற்றுத் தலையணைமீது உட்கார்ந்திருந்தார்.

“பேனர் பாத்தியாம்மா? எப்படி இருக்கு?”

“சார், அதை உடனே கழட்டணும். அவனுக்கு வேலை போயிடுச்சு.”

“அடடா.” அவர் உண்மையாகவே வருந்தினார். இரண்டு விநாடி. “கவலைப்படாத. வேலை போன இளைஞனுக்கு மறுவாழ்வுன்னு அடுத்த நிகழ்ச்சி வெச்சிடலாம்.”

“அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?”

“நல்லதுதானேம்மா போட்டிருக்கோம்? மீண்டான்னுதானே இருக்கு, மாண்டான்னா இருக்கு? வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனிக்காரங்க நன்கொடை விஷயமா வர்றாங்க. டோல்கேட் வழியாத்தான் வருவாங்க. அவங்க கண்ணுல படணும். முகம் தெரியாம சேவை பண்ணா யாரு நம்புவா? நீ இந்தத் துறைக்குப் புதுசு.”

“அப்ப உங்க முகத்தை மட்டும் போட்டிருக்கலாமே சார்.”

“என் முகத்தைப் பார்த்தா யாருக்கும்மா பாவமா இருக்கும்?”

சங்கமித்ராவின் பார்வை அந்த வட்டத் தலையணையில் விழுந்தது. அங்கேயே நின்றது.

மழைக்காலத்தில் லோகநாதன் சில நாள்கள் அலுவலகம் வரவில்லை. மூலத்துக்கு அறுவை சிகிச்சை. அதை அவளிடம் மட்டும் சொல்லி, “யாருக்கும் தெரிய வேண்டாம்மா. டைபாய்டுன்னு சொல்லிடு” என்று கெஞ்சியிருந்தார். அவளும் சொன்னாள். டைபாய்டுக்கு எதற்கு வட்டத் தலையணை என்று கேட்டவர்களிடம், அந்த டைபாய்டு வேற வகை என்று முகம் மாறாமல் சமாளித்தாள். இயக்குநரின் பின்பக்கத்தை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிய வாய், ஒரு பையனின் முகத்தைக் காப்பாற்றவில்லை. அதை நினைத்தபோது லோகநாதன்மீது இருந்ததைவிடத் தன்மீதுதான் அவளுக்குக் கோபம் அதிகமாக வந்தது.

நேராக அஃப்ரித்தின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாள். வல்லரசுவின் பேனரை அடித்ததும் அஃப்ரித்தான்.

“இன்னா யக்கா, பிறந்தநாளா?”

“எங்க டைரக்டருக்கு வாழ்த்து. அதே சைஸ்.”

அவள் சொல்லச் சொல்ல அஃப்ரித் தட்டச்சு செய்தான். நடுவில் நிமிர்ந்தான். “யக்கா, இங்க ஒரு எடம் காலியா கீதே? எயுத்து வுட்டுப் பூட்ச்சா?”

“வுட்டுத்தான் அடிக்கணும். அங்க நான் கையில எழுதிக்கிறேன்.”

“அது இன்னா வாசகம்?”

“அது உனக்கு எதுக்கு?”

அஃப்ரித் தோளைக் குலுக்கினான். டோல்கேட்டில் அவன் இதைவிட விசித்திரமான பேனர்களை அடித்திருக்கிறான். நாய்க்குக் கண்ணீர் அஞ்சலி அடித்தவன் அவன்.

வெள்ளிக்கிழமை மதியம். வெளியே கூடத்தில் கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். லோகநாதன் உள்ளறையில் வட்டத் தலையணைமீது உட்கார்ந்து ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது சங்கமித்ரா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கையிலிருந்த சுருளைத் தரையில் உருட்டிவிட்டாள். இடம் போதாமல் அது மேசைமீதும் ஏறியது.

பத்தடிக்கு லோகநாதன் கைகூப்பிச் சிரித்தார். கீழே வாசகம்: ‘______ நோயிலிருந்து மீண்டார் எங்கள் சமூகச் செம்மல் லோகநாதன்! உட்கார முடியாமல் தவித்தவரை உட்கார வைத்த மருத்துவருக்கு நன்றி!’

“என்னம்மா இது?”

“உங்களை வாழ்த்தி ஒரு பேனர் சார். நல்லதுதானே? மீண்டார்னுதான் போட்டிருக்கேன்.” அவள் தடிமனான மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றினாள். “நோய் பேருக்கு மட்டும் இடம் விட்டிருக்கு. எழுதட்டுமா? வல்லரசு பேனருக்குப் பக்கத்துலயே கட்டிடலாம். விருந்தாளிங்க திரும்பிப் போறப்ப கண்ணுல படும்.”

லோகநாதன் தலையணையிலிருந்து துள்ளி எழுந்தார். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்திருந்தது.

“உனக்குப் பைத்தியமா? அது என் சொந்த விஷயம்! உன்னை நம்பித்தானே சொன்னேன்? என் பொண்ணு வீட்டுக்காரங்க அந்த வழியாப் போவாங்க, வருவாங்க. நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?”

சங்கமித்ரா மார்க்கரை மூடினாள்.

“அவனுக்கும் சொந்த விஷயம்தான் சார். அவனும் நம்பித்தான் சொன்னான். அவனும் அந்த வழியாத்தான் நடக்கணும். நான் உங்களுக்கு எழுத மாட்டேன். அவனுக்கு நீங்க எழுதிட்டீங்க. எழுத எடுத்துக் குடுத்த பாவி நான்.”

வெளியே யாரோ, “சார் வரலையா?” என்று கேட்டார்கள். லோகநாதன் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு போனை எடுத்து யாரையோ அழைத்தார். “டோல்கேட் பேனரைக் கழட்டிடுப்பா. இப்பவே. காரணமெல்லாம் கேக்காத.”

பேனர் இறங்கியது. ஆனால் அன்றைக்குக் காலையிலேயே, பூஜை முடிந்து, வெற்றிலைத் தட்டு வேறொரு பையனிடம் போயிருந்தது. லோகநாதனுக்கு நன்கொடை கிடைத்தது. சங்கமித்ராவின் களப்பயிற்சிச் சான்றிதழில் மட்டும் ‘நிறுவனத்தோடு ஒத்துழைப்பு போதாது’ என்று ஒரு வரி ஏறியது. கல்லூரி அவளை வேறு இடத்துக்கு மாற்றியது. அங்கே முதல் நாளே அவள் கேட்டது, “இங்க பேனர் அடிப்பீங்களா?” என்பதைத்தான்.

வல்லரசுவுக்கு மாத்தூரில் ஒரு குடோனில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. டோல்கேட் பக்கம் போகாதவர்கள் இருக்கும் ஊராகப் பார்த்துப் போனான். சாவி இல்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கமித்ரா அந்தச் சுருளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தாள். எரித்துவிடலாம் என்றாள். பச்சையம்மா பிடுங்கிக்கொண்டாள்.

“கொளுத்துறதா? கெட்டித் துணி. கூடைக்கு அடில போட்டா தரை ஈரம் ஏறாது.”

விரித்ததும் லோகநாதன் கைகூப்பிச் சிரித்தார். வல்லரசு முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வாசகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான். நெடுநாளுக்குப் பிறகு அவன் பல் தெரிந்தது.

“யக்கா, அந்தக் கோடு போட்ட எடத்துல இன்னா நோவு?”

“சொல்ல மாட்டேன்.”

“எம்மாடி! அந்தாளு எனக்கு இன்னா பண்ணாரு, அவருக்குப் போயி சப்போர்ட்டா? யாராண்டயும் சொல்ல மாட்டேன் யக்கா. காதுல சொல்லு.”

“உன்னாண்டயும் சொல்ல மாட்டேன். அவரு என்னை நம்பிச் சொன்னது.”

வல்லரசு எழுந்து, எழுத்துப் பக்கம் தரையைப் பார்க்கும்படி ஃப்ளெக்ஸைத் திருப்பிப் போட்டான். வெள்ளைப் பக்கத்தின்மேல் மீன் கூடையை இழுத்து வைத்தான்.

“இதான் யக்கா. சொல்ல மாட்டேன்னியே, இத்த அன்னிக்கே செஞ்சிருந்தா போதும்.” கையிலிருந்த செதிலை உதறினான். “பள்ளத்துல வுயுந்தவன தூக்கி வுடு, வாணான்னு சொல்லல. தூக்கிட்டு, இவன் பள்ளத்துல வுயுந்தவன்னு ஊர்ல தண்டோரா போடாத. போட்டா, அவன் மேல வந்தும் பள்ளத்துலயேதான் கெடப்பான்.”

சங்கமித்ரா தலையசைத்தாள்.

“சரி, குந்து,” என்றான் வல்லரசு. “மாத்தூர்ல ஒரு மேட்டரு. உன்னாண்டதான் சொல்றேன்.”