சிக்னல் பொய் சொல்லாது

குடிபாலா பக்கத்துத் தரிசு நிலத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, டைட்டஸ் தன் மூன்றாவது ராக்கெட்டை நிறுத்தி வைத்தார். சித்தூரில் வங்கி வேலை. சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை, அட்டைக்குழாயில் ராக்கெட் செய்து விடுவது ஒன்றுதான் கெட்ட பழக்கம் என்று அவர் மனைவி தபீதாள் சொல்வாள். முந்தைய இரண்டும் அழகாகத்தான் பறந்தன. பாராசூட் விரிந்து, காற்றோடு மாந்தோப்புகளுக்குள் போய், அப்படியே போய்விட்டன.

இந்த முறை ராக்கெட்டின் மூக்குக்குள் ஒரு மலிவான டிரான்ஸ்மிட்டர் இருந்தது. திருப்பதியில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் சந்துரு செய்தது; அவரும் கூட வந்திருந்தார். எங்கே விழுந்தாலும் அது ‘பீப், பீப்’ என்று ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எந்தத் திசையிலிருந்து என்று அறிய, இரும்பு இன்ச் டேப்பை வெட்டி பிளாஸ்டிக் குழாயில் கட்டிய ஆன்டெனா.

“பத்து நிமிஷம் கார்ல இரு. எடுத்துகினு நேரா திருப்பதிதான்,” என்றார் டைட்டஸ். திருப்பதியில் தபீதாளின் தங்கை பிளெஸ்ஸி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. போன இரண்டு முறையும் இதே பத்து நிமிஷத்தில் இரண்டு விருந்துகள் போயிருந்தன. தபீதாள் பட்டுப்புடவையோடு காரில் உட்கார்ந்தாள்.

ராக்கெட் சீறிக்கொண்டு ஏறியது. உச்சியில் பாராசூட்டை வெளியே தள்ளும் மருந்து ‘டப்’ என்று வெடித்து ஒரு புகை. சிவப்புப் பாராசூட் விரிந்து கிழக்கே மிதந்தது. போன் ஆனில் இருந்தால் ரேடியோவில் இரைச்சல் வரும் என்று டைட்டஸும் சந்துருவும் போனை அணைத்தார்கள். டைட்டஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினார். பின்னாலேயே சந்துரு.

ரோட்டைத் தாண்டி இரண்டாவது தோப்பில் அதன் சொந்தக்காரர் பாலசுந்தரம் மறித்தார். “பைபாஸ் ரோடு சர்வேயா சார்? எந்தோட்டத்துப் பக்கம் அத்தக் காட்டாதீங்க சார்,” என்றார். இல்லை என்று சந்துரு தமிழில் சொன்னார். நம்பாததால் தெலுங்கிலும் சொன்னார். தெலுங்கில் கேட்டதும் பாலசுந்தரத்துக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது: ஆந்திர சர்க்கார் ஆபீசர்கள்தான். இளநீர் வெட்டிக் கொடுத்தார். ரோட்டுக்கு நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், ஆன்டெனா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் நிலம் தன்னுடையது இல்லை என்றார்.

கடைசியில் ஒரு மாமரத்துக்கு அடியில் ‘பீப்’ காதைக் கிழித்தது. கிளையில் சிவப்புப் பாராசூட்! சந்துரு ஏறி அவிழ்த்துப் போட்டார். டைட்டஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கு இருந்தது, டிரான்ஸ்மிட்டர் இருந்தது, அது கூப்பிட்டுக்கொண்டும் இருந்தது. அதன் கீழே, உடம்பை மூக்கோடு கட்டியிருந்த கயிறுதான் கருகித் தொங்கியது. ராக்கெட் இல்லை.

“இங்கதான் எங்கனா கீது. சிக்னல் பொய் சொல்லாது,” என்றார் டைட்டஸ். மரம் மரமாகத் தேடினார்கள். இன்னதென்று தெரியாமலே பாலசுந்தரமும் தேடினார். வெயில் சாயத் தொடங்கியபோது வெறுங்கையாகத் திரும்பினார்கள்.

காரின் பின்சீட்டில் ராக்கெட் படுத்திருந்தது. உச்சியில் வெடித்தபோதே கயிறு எரிந்து அறுந்து, உடம்பு நேரே கீழே வந்து காருக்குப் பக்கத்திலேயே விழுந்திருந்தது.

“நீங்க ரோடு தாண்டறதுக்குள்ளயே விழுந்துச்சு,” என்றாள் தபீதாள். “போன் போட்டா ஆஃப்னு வருது. கத்தனேன். காதுல மாட்டிகினு போய்க்கினே இருந்தீங்க.”

சந்துரு தரையைப் பார்த்தார். டிரான்ஸ்மிட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, தன்னைக் கண்டுபிடித்துக் கொடுத்தது என்று டைட்டஸ் மெல்ல விளக்கினார். அடுத்த முறை உடம்புக்கும் ஒன்று வைத்துவிட்டால் போதும் என்றார்.

தபீதாள் கை நீட்டி அந்த ஆன்டெனாவை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அடுத்த தபா இத எங்கிட்ட குடுங்க. நீங்க கார்ல குந்துங்க.”

இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சாமான்களில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. டைட்டஸுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. வழி முழுக்க அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிளெஸ்ஸி ராத்திரிக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.