பூசணி விளக்கின் புகார்ப் பட்டியல்

ஊருக்கெல்லாம் நிம்மதி செய்து விற்கக் கிளம்பியவர் நம் வடிவமைப்பாளர். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களை வீட்டுக் கருவிகள் பிடுங்கித் தின்னாமல் காப்பாற்ற, நான்கு வருடமாக ஒரு விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உருண்டையாக, மஞ்சளாக இருந்ததால் வீட்டில் அதற்குப் பூசணி என்று பெயர். பொழுது சாய்ந்ததும் பூசணி வீட்டு வெளிச்சத்தை மெல்லக் குறைக்கும். டிவி சத்தத்தை அடக்கும். போனுக்கு வரும் அழைப்புகளைக் காலை வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

அதோடு ஆளுக்கொரு துணிப் பொத்தான். ஓய்வுக்கு இடைஞ்சல் வந்தால் அதை அமுக்க வேண்டும். அந்த நேரத்தில் அறையில் எது சத்தம் போட்டது என்று பூசணி குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதை வாலாட்ட விடாது.

சோதனைக்கு ஆள் தேடி அலையவில்லை, வீட்டிலேயே மூன்று பேர் மாட்டினார்கள். பகல் முழுக்க அடுத்தவர் பல்லைக் குடைந்துவிட்டு வரும் மனைவி, பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக் கதைப் புத்தகம் படிக்கும் மகள், நாற்பது வருடம் ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார். இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில் மேலாளர் அம்மாவிடம் முடிவைக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடிக்காவிட்டால் நான்கு வருட உழைப்பு குப்பைக்கூடைக்குத்தான். மனிதருக்கு இருப்புக்கொள்ளுமா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படிவத்தோடு வந்து நிற்பார்.

“இப்ப மனசு எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை?”

“ஏழு,” என்பாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

“நேத்து எட்டு சொன்னியே. அந்த ஒண்ணு எங்க போச்சு?”

பொத்தான் அமுங்கும். ஃப்ரிட்ஜ் மாட்டிக்கொண்டது என்று அவர் சந்தோஷமாகப் படிவத்தில் எழுதிக்கொள்வார்.

முதல் வாரத்தில் துவைக்கும் இயந்திரம் வாயை மூடியது. இரண்டாம் வாரம் விசித்திரங்கள் தொடங்கின. அவர் படிவத்தை எடுத்தால் அவர் தலைக்கு மேலிருந்த விளக்கு மட்டும் அணைந்தது. அலுவலகத்தில் ஐந்தரை மணிக்குப் பையைத் தூக்கினால் பூசணியிடமிருந்து செய்தி வந்தது: ‘வீடு அமைதியாக இருக்கிறது. அவசரப்பட்டு வர வேண்டாம்.’ என்ன கரிசனம் பாருங்கள் என்று நெகிழ்ந்துபோய், பக்கத்து மேசைக்காரர்களிடமெல்லாம் காட்டினார்.

வியாழக்கிழமை மாலை, பூசணி குறித்துவைத்த பட்டியலைத் திறந்தார்.

‘துவைக்கும் இயந்திரம்: பதினொன்று. போன் மணி: பத்தொன்பது. ஆண் குரல், நடுத்தர வயது, கேள்வி: நூற்று நாற்பத்து மூன்று.’

நேராக மாமனாரிடம் போனார். “மாமா, தப்பா நினைக்காதீங்க. நீங்க கொஞ்சம் கேள்வியைக் குறைச்சுக்கணும்.”

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “எனக்கு எழுபத்தாறு, மாப்பிள்ளை. நடுத்தர வயசுன்னு ஒரு விளக்காவது சொல்லுதேன்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பெருமை உங்களுக்குச் சேர வேண்டியது.”

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வடிவமைப்பாளருக்கு முகம் செத்துவிட்டது. யாருக்காக இத்தனை பாடோ, அவர்களே நூற்று நாற்பத்து மூன்று முறை தன்னை அமுக்கியிருக்கிறார்கள் என்பது உண்மையிலேயே வலித்தது. மேலாளர் அம்மா இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு.

“அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டா?” என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

“எடுங்களேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற முதல் ஆளா நீங்க?” என்றாள் அவள். “ஆனா ஒண்ணு. அந்த விளக்கு ஒழுங்கா வேலை செய்யுதுங்கறதுக்கு அந்த வரியை விட்டா வேற சாட்சி இல்ல.”

பல் டாக்டர் இல்லையா, வலிக்கிற இடத்தில்தான் கை வைப்பாள். வரி அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அந்த வரி திரையில் வந்ததும் அறையே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மேலாளர் அம்மா. அவரைப் பற்றி ஒரு வார்த்தை: ஊழியர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் பார்த்துப் போனில் வேலை ஏவுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

“எங்க வீட்டுக்காரரும் அச்சு அசல் இப்படித்தான்,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பதினஞ்சு நாள் இது எங்க வீட்ல இருக்கட்டும். அந்த மனுஷனோட வண்டவாளம் தண்டவாளத்துல ஏறட்டும். அப்புறம் முடிவு சொல்றேன்.”

பூசணி போனது. எட்டாவது நாளிலிருந்து இரவு அழைப்புகள் நின்றன. மேலாளருக்கு உடம்பு சரியில்லையோ என்று அலுவலகம் கவலைப்பட்டது. நம்மவரோ நாட்காட்டியில் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் மேலாளர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். மேசைமேல் நாலாக மடித்த காகிதம்.

“உங்களுது எத்தனை?”

“நூத்தி நாப்பத்து மூணு, மேடம்.”

காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். ‘பெண் குரல், நடுத்தர வயது, போனில் உத்தரவு: இருநூற்றுப் பன்னிரண்டு.’

நம்மவருக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. நான்கு வருடத்தை நினைத்து அதை விழுங்கினார்.

“தூக்கி வெளிய எறியலாம்னுதான் முதல்ல தோணிச்சு,” என்றார் மேலாளர். “அப்புறம் ஒருநாள் வீம்புக்குப் போனை அலமாரியில வெச்சுட்டுச் சும்மா உக்காந்தேன். ரெண்டு பொண்ணுங்கள்ல பெரியவ வந்து என் மடியில தலை வெச்சுப் படுத்தா. எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?” மூக்கை உறிஞ்சிக்கொண்டு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். “கடைக்குப் போகட்டும்.”

நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. “ரொம்ப நன்றி, மேடம். அந்த விளக்கைக் குடுத்தீங்கன்னா, பார்த்துச் செய்யறதுக்குத் தொழிற்சாலைக்கு அனுப்பிடுவேன். எங்ககிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்.”

“கொண்டு வரத்தான் நினைச்சேன்,” என்றார் மேலாளர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. “எடுத்துட்டுப் போகட்டுமான்னு நேத்து சாயந்தரம் வீட்ல கேட்டேன். மூணு பேரும் சேர்ந்து பொத்தானை அமுக்கிட்டாங்க.”